பெயருக்கு முன்னும் பின்னும்

7 ஜூலை 2025, திங்கள்

முதலாண்டு மாணவர்களின் வாயில் பள்ளிக்கூடத்து 'மிஸ்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தானாகவே 'மேடம்' ஆகிவிடும். எங்கள் தமிழ்த்துறையில் 'ஐயா', 'அம்மா' என்பது வழக்கம், பக்கத்து வேதியியல் துறையில் 'சார்'. இவற்றுள் எதுவும் மதிப்புக் குறைந்ததன்று. 'பேராசிரியரே' என்று மட்டும் யாரும் வகுப்பில் விளிப்பதில்லை. அது மேடைக்கு உரியது.

9 ஜூலை, புதன்

விடுப்புக் கடிதம் ஒன்று வந்தது. பெறுநர் பகுதியில் 'தமிழ் அம்மா' என்று எழுதியிருந்தாள் மாணவி. பேச்சில் இனிக்கும் அந்தச் சொல் கடிதத்தில் நிற்காது என்பதைச் சொல்லி, பெறுநரில் 'துறைத்தலைவர் அவர்கள், தமிழ்த்துறை' என்று பதவியையும், விளியில் 'அம்மையீர்' என்றும் எழுதச் சொன்னேன். பதவியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது 'மதிப்பிற்குரியீர்' போதும்.

11 ஜூலை, வெள்ளி

கருத்தரங்க அழைப்பிதழின் மெய்ப்பு வந்தது. ஆண் பேராசிரியர்கள் எல்லாரும் 'முனைவர்'. அவர்களைப் போலவே ஆய்வுப் பட்டம் பெற்ற அம்மையார் ஒருவர் 'திருமதி'. திருமணம் ஆனதா என்பது அழைப்பிதழுக்கு எதற்கு? அதைவிட உறுத்தியது, எங்கள் கௌரவ விரிவுரையாளரின் பெயர். முனைவர் பட்டமும், உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான 'நெட்'டில் தேர்ச்சியும் உள்ளவர், வெறும் 'திரு' என்று கடைசி வரியில் இருந்தார். பட்டம் அவர் உழைத்துப் பெற்றது, பணி நிரந்தரமாகவில்லை என்பதற்காக அதைக் கழற்றிவிட யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே பட்டத்தைப் பெயருக்கு முன்னும் பதவியைப் பெயருக்குப் பின்னும் வைத்து எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருத்தினேன். 'பேராசிரியர் முனைவர்' என்ற இரட்டை அடைமொழிகளையும் நீக்கினேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என மூன்று பதவிப் பெயர்களை வகுத்திருக்க, பேச்சில் எல்லாரையும் பேராசிரியர் என்பதில் தவறில்லை என்றாலும், அச்சில் உதவிப் பேராசிரியரை உதவிப் பேராசிரியர் என்றே போடுவதுதான் முறை. மூத்தவர் சிலர் இன்றும் 'லெக்சரர்', 'ரீடர்' என்கிறார்கள். அவர்கள் பணியில் சேர்ந்த காலத்துப் பெயர்கள் அவை.

14 ஜூலை, திங்கள்

அடைமொழி ஒருவருக்குப் பெயராகவே ஆகிவிடுவதும் உண்டு. பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்த க. அன்பழகன், அமைச்சரான பின்னும் கட்சிக்காரர்களுக்குப் 'பேராசிரியர்'தான். அதே கல்லூரியில் பணியாற்றிய எழுத்தாளர் மு. வரதராசனாரை வாசகர்கள் 'மு.வ.' என்றே சுட்டினார்கள். அந்த இரண்டெழுத்தில் மரியாதைக் குறைவை எவரும் கண்டதில்லை. 'ஆர்' விகுதியும் அப்படித்தான்: தமிழறிஞர் வ. சுப. மாணிக்கம் 'மாணிக்கனார்' ஆனபோது வேறு அடைமொழி தேவைப்படவில்லை.

கருத்தரங்க அறிக்கையில் 'அவர்கள் உரையாற்றினார்கள்' என்பதா 'உரையாற்றினார்' என்பதா என்று துறையில் ஒரு வாதம். அழைப்பிதழில் 'அவர்கள்' இருக்கட்டும், அறிக்கையில் 'உரையாற்றினார்' போதும் என்பது என் கட்சி. வரிக்கு வரி 'அவர்கள்' வந்தால் பேசியவர் ஒருவரா பலரா என்றே தெரியாமல் போகிறது.

15 ஜூலை, செவ்வாய்

மெய்ப்பு முதல்வர் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு திருத்தத்துடன் திரும்பியது: முதல்வரின் பெயருக்கு முன் 'உயர்திரு' சேர்க்க வேண்டுமாம். சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.