மருந்து வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர்

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் குழாய்த் தண்ணீரைப் பற்றி எழும் முதல் குறை, அதில் மருந்து வாடை, அதாவது கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரினின் வாடை, அடிக்கிறது என்பதுதான். சம்பை ஊற்று நீரின் ருசிக்குப் பழகிய நாக்குகள் இவை. ஓட்டுக்கூரையிலிருந்து முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துக் குடித்த தலைமுறையும் இன்னமும் வீடுகளில் இருக்கிறது. ஆகவே அந்தக் குறையை நான் இளக்காரமாக எண்ணவில்லை. ஆனாலும், அந்த வாடை துளியும் இல்லாமல் வரும் குழாய்த் தண்ணீரைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஊருணித் தண்ணீர் கலங்கியிருந்தால் அப்பத்தா தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரசிவிடுவார். சற்று நேரத்தில் கலங்கல் அடியில் படிந்துவிடும். ஆற்றுநீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் படிகாரம் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான். பிறகு மணல் வடிகட்டி மிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. இவை கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைக்குமே தவிர, முற்றாக ஒழிக்கமாட்டா. ஆனால் இந்த வேலை ஒழுங்காக நடந்தால்தான் அடுத்து வரும் குளோரினுக்குப் பலன் உண்டு, ஏனெனில் மண் துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை அது எளிதில் எட்டுவதில்லை.

குளோரின் நீரில் கலந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலமாக மாறுகிறது. கிருமியின் மேலுறையைத் துளைத்து உள்ளே போய் அதைச் செயலிழக்கச் செய்வது அந்த அமிலம்தான். நீரின் காரத்தன்மை கூடக் கூட, அமிலம் வீரியம் குறைந்த வேறொரு வடிவத்துக்கு மாறிவிடும். அதனால்தான் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8-க்குக் கீழே இருக்கும் நீரில், குறைந்தது 30 நிமிடம் குளோரின் தங்கிய பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போட்ட உடனே திறந்துவிட்டால் எவ்வளவு போட்டும் பயனில்லை.

எஞ்சியிருப்பது என்ற இந்த விஷயத்தில்தான் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது. ஓசோனும் புற ஊதாக் கதிரும் கிருமிகளைக் கொல்வதில் குளோரினுக்குச் சளைத்தவை அல்ல. குளோரினுக்கு மசியாத சில ஒட்டுண்ணிகளைக்கூட அவை ஒரு கை பார்த்துவிடும். ஆனால் அவை தரும் காவல், சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. திருச்சிப் பக்கம் காவிரிப் படுகையில் எடுக்கப்படும் நீர் நெடுந்தொலைவு குழாயில் ஓடி நம் மாவட்டத்துக்கு வருகிறது. வந்த பிறகும் மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், வீட்டுத் தொட்டி என்று அதன் பயணம் நீள்கிறது. நம் ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். விடாத நேரத்தில் அழுத்தமற்றுக் கிடக்கும் குழாய், எங்காவது விரிசல் இருந்தால், பக்கத்துச் சாக்கடைக் கசிவை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடத்தில் கூடவே வந்து நிற்கும் காவல், எஞ்சிய குளோரின் ஒன்றுதான். இந்தியத் தர நிர்ணயமும் வீட்டுக்கு வந்து சேரும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நீண்ட குழாய்த் திட்டங்களில் வழியில் மறுபடியும் குளோரின் சேர்ப்பது இதற்காகவே.

கிராமங்களில் இந்தப் பொறுப்பு தொட்டி ஆபரேட்டரின் கையில் இருக்கிறது. 1,000 லிட்டருக்கு, குளோரின் தரும் பிளீச்சிங் பவுடர் 4 கிராம் என்பது வழக்கமான கணக்கு. ஒரு லட்சம் லிட்டர் தொட்டிக்கு 400 கிராம். பவுடரை வாளியில் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும் வரை பொறுத்திருந்து, மேலே தெளிந்த நீரை மட்டுமே தொட்டியில் ஊற்ற வேண்டும். அவசரத்தில் வண்டலோடு கொட்டுவதும் உண்டு. மூட்டை பிரிந்து ஈரக்காற்றில் கிடந்த பவுடரில் பாதி வீரியம் போயிருக்கும் என்பதையும் யாரும் கணக்கில் கொள்வதில்லை. ஒரு தொட்டியடியில் நான் விசாரித்தபோது, "வாடை அடிக்குதுன்னு ஆச்சிமாரெல்லாம் சத்தம் போடுறாகண்ணே, அதான் கொஞ்சம் கொறச்சுப் போடுறேன்" என்றார் ஆபரேட்டர். கடைசித் தெருக் குழாயில் நீர் பிடித்துச் சோதனை மாத்திரையைக் கரைத்துப் பார்த்தோம். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறியிருக்க வேண்டிய நீர், நிறமே மாறாமல் இருந்தது. ஆச்சிமாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இன்னொன்றும் உண்டு. மூக்கைத் துளைக்கும் நெடி எப்போதும் குளோரின் மிகுதியால் வருவதில்லை. நீரில் அம்மோனியா கலந்திருந்து குளோரின் போதாமற்போனால், குளோரமின் என்னும் சேர்மங்கள் உருவாகி அவையே அதிகமாக நெடி வீசும்; அத்தகைய நீரில் அளவைச் சரியாகக் கூட்டினால் வாடை குறையும்.

நீரில் மருந்தா என்ற கேள்வி பழையது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்குப் போகும் நீரில் ஜான் லீல் என்ற மருத்துவர் யாரையும் கேட்காமலே குளோரின் சேர்க்கத் தொடங்கி, அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. குளோரின் நீரிலுள்ள இலைதழைச் சத்துடன் சேர்ந்து உண்டாக்கும் டிரைஹாலோமீத்தேன் என்னும் சேர்மங்கள் புற்றுநோய் தரக்கூடும் என்ற அச்சம் 1970-களில் எழுந்தது. அது நியாயமான அச்சம்தான். அந்தச் சத்தை முன்கூட்டியே நீக்குவதுதான் அதற்குப் பரிகாரம், குளோரினை நிறுத்துவது அன்று.

உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் குளோரின் கிடைக்கும் என்பது மின்வேதியியலின் பாலபாடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நம் காரைக்குடியிலேயே இருக்க, குளோரினை நாம் இப்படி அந்நியமாகப் பார்ப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றும்.

வாடை பிடிக்காதவர்கள், குடத்தில் பிடித்த நீரை மெல்லிய துணியால் வாயைக் கட்டிச் சில மணி நேரம் வைத்திருந்தால் போதும். குளோரின் பெரும்பாலும் தானே பறந்துவிடும். ஆனால் அதன்பின் அந்தக் குடத்துக்குக் காவல் கிடையாது. ஆகவே கையை உள்ளே விட்டுச் செம்பால் மொள்ளாமல், நீண்ட காம்புள்ள கரண்டியால் எடுத்து, அன்றன்றைக்குள் குடித்துத் தீர்த்துவிட்டுக் குடத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும்.