திலாப்பியாவுக்குச் சுருள்பாசித் தீன்: இதுவரை கண்டது

திருகோணமலை உப்புவெளியில் வீட்டு வளவில் இரண்டு சீமெந்துத் தொட்டிகள் வைத்துத் திலாப்பியா வளர்க்கிறேன். ஆவணி வெயிலில் தண்ணீர் சூடேறிப் பிராணவாயு குறைந்தால் போதும், செட்டை அரிபடும், உடம்பில் சிவப்புப் புண் வரும். இதைச் செய்கிற ஏரோமோனாஸ் போன்ற பக்டீரியாக்கள் தண்ணீரில் எப்போதும் இருப்பவைதான். மீன் களைத்துப் போகும் நேரம் பார்த்து மேலோங்குகின்றன. அதனால் புண் வந்த பிறகு மருந்தைத் தேடுவதை விட, மீனின் எதிர்ப்புச் சக்தியைத் தீனாலேயே கூட்ட முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

ஸ்பிருலினா என்கிற சுருள்பாசியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. குளோரெல்லா என்கிற பச்சைப்பாசியும் சத்துள்ளதுதான், ஆனால் அதன் செல்சுவர் கடினமானது. உடைக்காமல் கொடுத்தால் செரிப்பது கஷ்டம். சுருள்பாசிக்கு அந்த செலுலோஸ் சுவர் இல்லை. உலர்ந்த எடையில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம். கூடவே பைகோசயனின் என்கிற நீல நிறமி, பீட்டா கரோட்டின். இதைத் தின்ற மீன்களில், பக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்கிற நொதியின் வேலையும், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களின் வேலையும் கூடியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மீனின் தோலில் இருக்கும் வழுவழுப்பான சளியிலும் லைசோசைம் உண்டு. கிருமியை முதலில் மறிக்கும் வேலி அதுதான்.

பாசி வளர்க்க எங்கள் ஊர்ச் சூடு தோதானது. 30 முதல் 35 பாகை வரை அதற்குப் பிடிக்கும். தண்ணீரின் பிஎச் 9க்கு மேல் இருக்க வேண்டும், அதற்கு அப்பச்சோடா. லீற்றருக்குப் பதினாறு, பதினேழு கிராம் போகும். இந்தக் காரத்தில் வேறு பாசிகள் இலகுவில் தலையெடுக்காது. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். சோடா சேர்ந்ததும் வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர்தான் சரிவந்தது. பாசி ஐதாக இருக்கும்போது உச்சி வெயில் பட்டால் வெளிறிப் போகும், அதனால் மேலே கிடுகு போட்டிருக்கிறேன்.

அறுவடை, துணியில் வடித்து நன்றாக அலசுவதுதான். அப்புறம் வருவதுதான் முக்கியம். ஈரப்பாசி இந்தச் சூட்டில் சில மணி நேரத்திலேயே நாறிவிடும். அன்றைக்கே கருவாட்டுத்தூள், சோயா மா, தவிடு, கொஞ்சம் மரவள்ளி மா சேர்த்துப் பிசைந்து, இடியப்ப உரலில் பிழிந்து, சுளகில் பரப்பி நிழலில் காயவிடுகிறேன். வெயிலில் போட்டால் நீல நிறம் தரும் பைகோசயனின் கெடும். காய்ந்த கணக்கில் ஒரு கிலோ தீனுக்கு 30 கிராம் பாசி.

ஒரு தொட்டிக்கு மட்டும் இந்தத் தீன், மற்றதற்குப் பாசி இல்லாத அதே கலவை. முதலில் மீன்கள் வாயில் எடுத்துத் துப்பின. கிண்ணியாவில் கூண்டு மீன் வளர்ப்பில் இருந்த நானா ஒருவரிடம் கேட்டேன். “மணத்துக்குப் பழகணும் தம்பி, அளவைக் குறைச்சுப் போடுங்க, கூட்டிப் போட்டுத் தண்ணியைக் கெடுக்காதீங்க” என்றார். அப்படியே பழகின.

வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. எடை கூட்டுவதற்காக யாராவது இதைச் செய்ய நினைத்தால் வேண்டாம் என்பேன். வித்தியாசம் தெரிந்தது நிறுப்பதற்கு வலை போட்ட பிறகுதான். பாசித் தொட்டி மீன்களுக்கு வலை உரசிய காயங்கள் சீக்கிரம் மூடின, சளியும் கையில் நன்றாகத் தட்டுப்பட்டது. மற்றத் தொட்டியில் சிலவற்றுக்குக் காயத்தின் மேல் வெள்ளைப் படலம் வந்து, உப்புத் தண்ணீரில் விட்டு எடுக்க வேண்டி வந்தது.

ஆனாலும் பாசித் தொட்டி வேப்பமரத்துப் பக்கம், பின்னேரம் நிழல் விழும் இடம். பலன் பாசியாலா, நிழலாலா என்று பிரிக்க வேண்டும். அடுத்த குஞ்சுகளுக்குத் தீனை மாற்றி, நிழல் இல்லாத தொட்டிக்குப் பாசி கொடுக்கப் போகிறேன். கார்த்திகை மழைக்கு முன் தொடங்கினால், வெயிலில் மட்டுமல்ல, தண்ணீர் திடீரென்று குளிரும்போதும் மீன்கள் எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கலாம்.