புயல் வாரத்தில் விம்

பிப்ரவரி 19, 2025 – சேந்தாந்த்ரே, ரீயூனியன் தீவு
விம் என்ற எடிட்டரைக் கணினியில் கற்கத் தொடங்கினேன். அதைச் சொல்லித்தரும் விம்டியூட்டர் பாடத்துக்கு அரை மணி நேரம் போதும் என்று அதன் முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள்; எனக்கு மாலை முழுவதும் பிடித்தது. அம்புக்குறிகளை விட்டு எச், ஜே, கே, எல் எழுத்துகளால் நகரச் சொல்கிறது. 1976 வாக்கில் பில் ஜாய் விம்முக்கு முன்னோடியான வி எடிட்டரை எழுதிய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புகள் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சாகியிருந்தனவாம்.

பிப்ரவரி 21
புள்ளி விசை கடைசியாகச் செய்த திருத்தத்தை அப்படியே மறுபடி செய்கிறது. நான் கணினியில் தட்டி ஏற்றும் அப்பாவின் நோட்டில் பலவிதமாக எழுதப்பட்டுள்ள ‘தீமிதி’யை ஓரிடத்தில் திருத்திவிட்டு, அடுத்த இடத்துக்குப் போய்ப் புள்ளி வைத்தால் போதும். ஆனால் நம் தீவின் பிரெஞ்சு விசைப்பலகையில் புள்ளிக்கு ஷிஃப்டும் சேர வேண்டும். எண்களுக்கும் அதே கதி.

பிப்ரவரி 23
ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 24
விம்மில் எழுத்தைச் செருக ஒரு நிலை, கட்டளை தர இன்னொரு நிலை. தமிழில் தட்டிவிட்டுக் கட்டளை நிலைக்குப் போக எஸ்கேப் அழுத்தினாலும் கணினி தமிழிலேயே நிற்கிறது. அதனால் வரியை நீக்க டீயை இருமுறை தட்டும்போது விம்முக்குப் போய்ச் சேர்வது ஏதோ ஒரு தமிழ் எழுத்து, அது அதற்குக் கட்டளையே அன்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மொழியை மாற்றி மாற்றித் தட்டுவது வேலையாகாது. விம்முக்குள்ளேயே எந்த விசைக்கு எந்த எழுத்து என்று சொல்லும் கீமேப் கோப்பு ஒன்றை எழுதிவைத்தால், செருகும் நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளை நிலையில் லத்தீன் எழுத்தே இருக்கும். இரவு அதைத்தான் எழுதினேன். கணினிக்கு வெளியே எதையும் நினைக்க வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரி 27
காரன்ஸ் புயலுக்குச் சிவப்பு எச்சரிக்கை. மருத்துவமனைத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. நோட்டில் இன்னும் பாதி இருக்கிறது.

பிப்ரவரி 28
சிவப்புக்கும் மேலான ஊதா எச்சரிக்கை. தட்டிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் பேட்டரி என்றோ செத்துவிட்டது.

மார்ச் 3
மின்சாரம் வந்ததும் கோப்பைத் திறந்தேன். சேமிக்காததை விம் தானே எழுதி வைக்கும் ஸ்வாப் கோப்பு ஒன்று கிடக்கிறது, மீட்கவா என்று விம் கேட்டது. 200 எழுத்து தட்டினாலோ நான்கு விநாடி கையெடுத்தாலோ அதுவே அங்கே எழுதி வைத்துவிடுகிறது. கடைசி வாக்கியத்தின் வால் மட்டும் இல்லை. மீட்டதைச் சேமித்த பிறகுதான் ஸ்வாப் கோப்பை அழித்தேன்.

மார்ச் 5
முடிவை நேரில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள், நாளை காலை. இன்றைக்கு மேக்ரோ, அதாவது விசைத் தட்டல்களைப் பதிந்து மறுபடி ஓட்டுவது: க்யூவில் பதிவு தொடங்கும், அட் குறியில் ஓடும். அட் குறிக்கு ஆல்ட்-ஜீஆர் வேண்டும்.