இரண்டு இடம் தள்ளி அமர்ந்த சர்க்கரை

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் பொதுவில் வைத்திருக்கும் எச்.ஐ.வி. தரவுத்தளத்திலிருந்து, ஒரே நோயாளியிடம் வெவ்வேறு மாதங்களில் எடுத்த ஜிபி120 என்னும் வைரஸ் உறைப்புரதத்தின் வரிசைகளை (ஓர் அமினோ அமிலத்துக்கு ஓரெழுத்து) இறக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். முதல் சில வாரங்களின் வரிகள் அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். பாலுறவு வழியாகத் தொற்றும்போது பெரும்பாலும் ஒரேயொரு வைரஸின் வழித்தோன்றல்களே வேர்பிடிக்கின்றன. மாதங்கள் செல்லச் செல்ல, வி1, வி2, வி4 எனப்படும், எளிதில் மாறும் வளையப் பகுதிகளில் எழுத்துகள் மாறியும் புதிதாகச் செருகப்பட்டும் உதிர்ந்தும் போக, வரிகளை நேராக நிறுத்துவதே பெரும்பாடாகிவிடும்.

காரணம் தெரிந்ததுதான். ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட மரபுத்தொகுதியைப் படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் திறன் இல்லை. சிகிச்சை பெறாத உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் வைரஸ் துகள்கள் உருவாகின்றன. அவற்றுள், வைரஸை முடக்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களின் பிடிக்குத் தப்பியவையே பெருகுவதால், உறைப்புரத மரபணு ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் தொடக்க வைரஸிலிருந்து விலகிச் செல்கிறது.

என்னை மிகவும் ஈர்ப்பது, எதிர்ப்பொருள்களிடமிருந்து ஜிபி120ஐ மறைக்கும் சர்க்கரைப் போர்வைதான். ஜிபி120இன் எடையில் ஏறக்குறைய பாதி, நம் செல்லே அதன்மீது பொருத்திவிடும் சர்க்கரைச் சங்கிலிகளின் எடை. அமினோ அமில வரிசையில் அஸ்பராஜின், அடுத்து புரோலின் அல்லாத ஏதேனும் ஒன்று, அதற்கடுத்துச் செரின் அல்லது திரியோனின் என்ற மூன்றெழுத்து அமைந்தால்தான் அங்கே சங்கிலி ஏறும். ஆகவே ஓரெழுத்துப் பிழைகூட ஒரு சங்கிலியை நீக்கவோ சேர்க்கவோ போதும்.

தென்னாப்பிரிக்காவில் சி வகை வைரஸ் தொற்றிய இரு பெண்களைத் தொடர்ந்து கவனித்து, பென்னி மூர், லின் மோரிஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அவர்களுக்குத் தொற்றிய வைரஸில், ஜிபி120 வரிசையின் 332ஆம் இடத்தில் சர்க்கரை இல்லை. தொடக்கத்தில் உருவான எதிர்ப்பொருள்களிடமிருந்து தப்பும் முயற்சியில், ஆறு மாதத்துக்குள், 334இல் இருந்த சங்கிலி இரண்டு இடம் தள்ளி 332இல் வந்து அமர்ந்தது. உலகில் பரவியிருக்கும் பெரும்பாலான எச்.ஐ.வி. வகைகளில் சங்கிலி இருப்பதும் அதே இடம்தான். அந்தப் புதிய இலக்கைப் பிடித்துக்கொண்டு, பல வகை வைரஸ்களை முடக்கவல்ல எதிர்ப்பொருள்கள் பின்னர் அப்பெண்களின் உடலில் உருவாயின. வைரஸ் தப்பிய வழியே அதன் பலவீனமாயிற்று.

ஆனால் அவர்களின் உடலில் ஏற்கெனவே வேரூன்றிவிட்ட தொற்றை அந்த எதிர்ப்பொருள்களால் அகற்ற முடியவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. திரையில் நகரும் ஒவ்வொரு வரியும் ஒரு பெண் மருத்துவமனைக்கு வந்து கை நீட்டிக் கொடுத்த இரத்தம்.

விஆர்சி01 என்னும் ஒற்றை எதிர்ப்பொருளைச் செலுத்திய தடுப்புச் சோதனையின் முடிவு 2021இல் வந்தபோது, அது கட்டுப்படுத்தவல்ல வகைகளைச் சுமார் 75 சதவீதம் தடுத்தும், மொத்தத் தொற்றைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. பல இலக்குகளை ஒருங்கே தாக்கும் கலவையே தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்தியாவிலும் மிகுதியாகப் பரவியிருப்பது சி வகையே. அதனால் நம் நாட்டு வரிசை எதைத் திறந்தாலும் என் கண் முதலில் 332ஆம் இடத்தைத்தான் தேடுகிறது.