மூன்று வரியில் ரூட் கிடைத்த பிறகு

பென்டெஸ்டிங், அதாவது அனுமதி வாங்கிக்கொண்டு சிஸ்டத்தைத் தாக்கிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிற வேலைக்கு வர ஆசைப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த டூல் படிக்கணும்?" என்பதுதான். இதற்கென்றே செய்த காலி லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டாலே நூற்றுக்கணக்கான டூல்கள் கூடவே வந்துவிடுகின்றன. டூலுக்கா பஞ்சம்?

நான் மேனுவல் டெஸ்டிங்கில் இருந்து இந்தப் பக்கம் வந்தவன். வகுப்புக்கெல்லாம் போகவில்லை, ஆபீஸ் முடிந்து வந்து லேப்டாப்புக்குள்ளேயே வேறு கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ஒரு பக்கம் காலி, இன்னொரு பக்கம் வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்து இலவசமாகத் தருகிற மெட்டாஸ்ப்ளாய்ட்டபிள் 2 மெஷின் என்று ஓட்டிப் பார்த்துக் கற்றதுதான். அதில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்று ஃபைல்களை அனுப்ப, வாங்க உதவும் ஒரு எஃப்டிபி சர்வர் இருக்கும். 2011-ல் அந்த மென்பொருளின் டவுன்லோடு ஃபைலையே யாரோ மாற்றி, உள்ளே ஒரு பின்வாசல் வைத்துவிட்டார்கள். தாக்குதல்களை ரெடிமேடாகத் தரும் மெட்டாஸ்ப்ளாய்ட் டூலில் அதற்கென்றே மாட்யூல் உண்டு: தேர்ந்தெடு, ஐபி கொடு, ரன் அடி, ரூட், அதாவது அந்த மெஷினின் முழு அதிகாரம், கையில். பார்க்க ஜோராகத்தான் இருக்கும், ஆனால் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் முழிக்க வேண்டியதுதான்.

அதையே கையால் செய்து பாருங்கள். எஃப்டிபி காத்திருக்கும் வாசலான போர்ட் 21-க்கு டெல்நெட் கமாண்டில் இணைந்து, யூசர் பெயராக எதையாவது அடித்து, அதன் கடைசியில் சாட்டில் போடுகிற சிரிப்பு முகத்தை, அதாவது :) சேர்த்து, பாஸ்வேர்டாக வாய்க்கு வந்ததைக் கொடுத்தால் அந்த விண்டோ அப்படியே நின்றுவிடும். இன்னொரு விண்டோவில் போர்ட் 6200-க்குப் போனால் ரூட் அதிகாரத்தோடு கமாண்ட் அடிக்கிற ரூட் ஷெல் தயாராக இருக்கும். அட, இவ்வளவுதானா என்று சப்பென்று ஆகிவிடும்; ஆனால் எஃப்டிபி எப்படிப் பேசுகிறது, ஒரு போர்ட்டைத் திறந்து சர்வர் காத்திருப்பது என்றால் என்ன என்பதெல்லாம் அதன்பிறகு மறக்காது.

சம்பளம் வருகிற வேலையில் இப்படி ரூட் எடுப்பது அபூர்வம். என் வேலையில் பெரும்பகுதி வெப் அப்ளிகேஷனும், மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற ஏபிஐயும்தான். பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவில் போகிற ரிக்வெஸ்டைப் பிடித்துக் காட்டும் பர்ப் சூட்டை வைத்து இரண்டு அக்கவுண்டில் லாகின் செய்து, முதல் ஆளின் இன்வாய்ஸ் ரிக்வெஸ்டை அதையே மாற்றி மறுபடி அனுப்ப உதவும் ரிப்பீட்டருக்கு அனுப்பி, யார் லாகின் செய்திருக்கிறார் என்று சொல்லும் குக்கியை மட்டும் இரண்டாம் ஆளுடையதாக மாற்றித் தட்டுவேன். 403, அதாவது "அனுமதி இல்லை" என்று வந்தால் சரி, அடுத்ததைப் பார்க்கலாம். 200, அதாவது "ஓகே" என்று வந்து, கூடவே முதல் ஆளின் ஜிஎஸ்டி எண்ணும் வந்து விழுந்தால் அன்றைக்கு நல்ல வேட்டை. வெப் பாதுகாப்புக்கான அமைப்பான ஓவாஸ்ப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் இந்த வகைக் கோளாறுக்குத்தான் முதலிடம். தானாக ஓட்டை தேடும் ஸ்கேனர் இதைப் பெரும்பாலும் கோட்டை விட்டுவிடும், அந்த இன்வாய்ஸ் யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? "இந்த யூசர் இதைப் பார்க்கலாமா" என்று எக்செல் ஷீட்டை வைத்துக்கொண்டு சலிக்கச் சலிக்கச் செய்த பழைய டெஸ்டிங்தான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

இதைப் பழக போர்ட்ஸ்விகரின் வெப் செக்யூரிட்டி அகாடமி போதும், காசு கிடையாது. லினக்ஸ் கமாண்டே புதிது என்றால் அதற்கு முன் ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு.

அப்புறம், "எங்க காலேஜ் சைட்டைச் சும்மா நோண்டிப் பார்த்தேன்ணா" என்று வருகிற தம்பிகளைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும். அனுமதியில்லாமல் நுழைந்தாலே ஐடி சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற நோக்கம் என்று ஆகிவிட்டால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. உங்கள் நோக்கம் நல்லதுதான் என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து யார் விளக்கிக்கொண்டிருப்பது?

பென்டெஸ்டிங் சர்டிஃபிகேட்டான ஓஎஸ்சிபி தேர்வில் மெஷின்களை உடைக்க 23 மணி 45 நிமிடம், அதற்குமேல் ரிப்போர்ட் எழுத மட்டும் 24 மணி நேரம் தருகிறார்கள். சும்மா இல்லை. "ப்ரோ, எங்க சைடுல இது வரவே இல்லையே" என்று டெவலப்பர் போன் செய்யாத அளவுக்கு எழுத வேண்டுமே. வீட்டு லேபில் விழுகிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இன்டர்வியூவில் நான் முதலில் கேட்பது அதைத்தான், சர்டிஃபிகேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.