கேட்வே ஆர்ச், அட்டையில்: இதுவரை நடந்தது

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் நிற்கும் கேட்வே ஆர்ச் என்ற பிரம்மாண்ட வளைவை அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். அளவு 1:400. நிஜ வளைவின் உயரம் 192 மீட்டர். கால்களின் வெளி விளிம்புகளுக்கு இடையே அகலமும் அதே 192 மீட்டர்தான். மாதிரியில் இரண்டும் 48 செ.மீ. பார்க்கிறவர்கள் யாரும் நம்புவதில்லை. உயரம்தான் அதிகம் என்கிறார்கள். ஸ்கேலை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வளைவின் கோட்டை அச்சடித்து வெட்டியிருக்கலாம். ஆனால் இதை வடிவமைத்த ஈரோ சாரினென் சங்கிலியைத் தொங்கவிட்டுப் பார்த்தவர் என்பதால் எனக்கும் அந்த ஆசை. சுவரில் சார்ட் ஒட்டி, ஒரே மட்டத்தில் இரண்டு ஆணி, நடுவில் ஒரு பழைய கவரிங் செயின். ஆணிகளுக்கு இடையே 45.6 செ.மீ. விட்டேன், சங்கிலி காட்டுவது கால்களின் நடுக்கோட்டை, வெளி விளிம்பை அல்ல. தொங்கும் சங்கிலியில் இழுவிசை மட்டும்தான் இருக்கும். அதே கோட்டைத் தலைகீழாக நிறுத்தினால் அது முழுக்க அமுக்கவிசையாகிவிடும். வளைவு தன் எடையைத் தானே நேராகத் தரைக்கு இறக்கிவிடுகிறது.

வெறும் சங்கிலியில் உச்சி கூர்மையாக வந்தது. நிஜத்தில் அது இன்னும் அகன்று உருண்டிருக்கும். காரணம், வளைவு மேலே போகப்போக மெலிகிறது: முக்கோணக் குறுக்குவெட்டின் ஒரு பக்கம் அடியில் 16.5 மீட்டர், உச்சியில் 5.2 மீட்டர். அதனால் கால்களின் கூடுதல் எடைக்கு ஈடாக ஆணிகளுக்குப் பக்கத்தில் ஜெம் கிளிப்புகளை நெருக்கமாக மாட்டினேன், நடுவில் ஒன்றும் இல்லை. மாட்ட மாட்ட, பக்கங்கள் நிமிர்ந்து, சங்கிலியின் அடிப்பகுதி (தலைகீழாக்கினால் வளைவின் உச்சி) உருண்டது. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அப்புறம் முக்கோணத் துண்டுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றே சிறியது. தட்டையான முகம் வெளிப்பக்கம், கூரான விளிம்பு உட்பக்கம். நிஜத்திலும் இப்படித் துண்டு துண்டாகத்தான் ஏற்றினார்கள்: வெளியே எவர்சில்வர், உள்ளே சாதா எஃகு, இரண்டுக்கும் நடுவே சுமார் 91 மீட்டர் உயரம்வரை கான்கிரீட். 1965 அக்டோபர் 28 அன்று கடைசித் துண்டைப் பொருத்தும்போது வெயிலில் தெற்குக் கால் விரிந்துவிடாமலிருக்கத் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் அடித்துக் குளிரவைத்தார்கள். அட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. உச்சித் துண்டைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி, உப்புத்தாளில் தேய்த்து நுழைத்தேன்.

அடிப்பலகையில் என்ன வைப்பது என்பதில்தான் யோசனை. 1803இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் காலத்தில் லூசியானா பகுதியை வாங்கியதையும், அதன்பின் மேற்கு நோக்கிக் குடியேறியதையும் கொண்டாடும் வாசல் இது. அந்த மேற்கில் ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடிகளுக்கு இது எந்த வகையில் வாசல் என்ற கேள்விக்கு வடிவத்தில் பதில் இல்லை. இதற்கு இடம் வேண்டும் என்று ஆற்றங்கரையில் ஏறத்தாழ 40 தெருக்கட்டங்களை இடித்தார்கள். வளைவுக்கு நேர் மேற்கே இருக்கும் பழைய நீதிமன்றத்தில்தான் 1846இல் ட்ரெட் ஸ்காட் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை கேட்டு வழக்குப் போட்டார். அதையும் இதே அளவில் வைத்தால் பலகை மேசையைத் தாண்டிவிடும். அதனால் வேறொன்று செய்தேன். 1964இல், நல்ல வேலைகளில் கறுப்பினத் தொழிலாளர்களைச் சேர்க்கவில்லை என்று பெர்சி கிரீனும் ரிச்சர்ட் டேலியும் பாதி கட்டிய வளைவில் சுமார் 38 மீட்டர் ஏறிப் போராடினார்கள். என் அளவில் அது 9.5 செ.மீ. ஒரு காலில் அந்த உயரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

பாக்கி இருப்பது மேல்பூச்சு. சமையலறை ஃபாயிலை ஒட்டிப் பார்த்தேன். மினுமினுப்பு சரி, ஆனால் வளைவில் சுருங்குகிறது. வெள்ளி நிற சார்ட்டைச் சின்னச் சின்னத் தகடாக வெட்டி ஒட்டலாம் என்றிருக்கிறேன். நிஜ வளைவிலும் தகடுகளின் இணைப்புக் கோடுகள் கிட்டப் போனால் தெரியும்.