சீட்டில் இல்லாத வரி

கர்ப்பிணிகள் பிரிவில் நான் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாம் வருடம். பிறந்து சில மணி நேரமே ஆன ஒரு பெண் குழந்தையின் கண்ணில் ஒளி பாய்ச்சிப் பார்த்த டாக்டர் பேசாமல் நின்றார். சிவப்பாக மின்ன வேண்டிய கண்மணி பால் படிந்ததுபோல் வெளுத்திருந்தது. இரண்டு கண்ணிலும் புரை.

"கர்ப்பத்துல காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "இல்லையே சிஸ்டர்" என்றார் தாய். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டாம் மாசம் உடம்பெல்லாம் பொடிப்பொடியா சிவந்துச்சு. மூணு நாள்ல போயிடுச்சு. வேர்க்குருன்னு விட்டுட்டேன்" என்றார். அது ருபெல்லா, ஜெர்மன் அம்மை என்றும் சொல்லும் வைரஸ் தொற்று. குழந்தையின் ரத்தப் பரிசோதனையும் அதைத்தான் சொன்னது.

அவருடைய முதல் பரிசோதனைச் சீட்டைத் தேடி எடுத்தேன். 'காய்ச்சல்: இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. தடிப்பு வந்ததா என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அந்தத் தொற்றை நிறுத்த மருந்து கிடையாது. ஆனால் அந்தத் தாய்க்கு முன்பே தெரிந்திருக்கும், அவர் தயாராக வந்திருப்பார்.

1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் ருபெல்லாவுக்கும் பிறவிக் கண்புரைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததும் இப்படி விசாரித்துத்தான். பிறவிக் கண்புரையோடு வந்த 78 குழந்தைகளில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்பத்தில் இந்த அம்மை வந்திருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் பேனாவால் ஒரு வரி சேர்க்கிறேன்: தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுதல், மூட்டு வலி. ருபெல்லா தடுப்பூசியைக் கர்ப்பத்தில் போடக்கூடாது. போட்டுக்கொண்டால் ஒரு மாதமாவது கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும். அதனால் எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குப் பிரசவம் முடிந்து கிளம்பும்போதே அதை ஞாபகப்படுத்திவிடுவேன். ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்பவர்களை லேசில் விடமாட்டேன். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தால் நேரத்தோடு போடும் பெனிசிலின் வயிற்றுக் குழந்தையையும் காப்பாற்றும்.

இன்னொன்றும் கேட்பேன்: "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?" சைட்டோமெகலோ வைரஸ் சிறு பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கலாம். அது கருவுக்குப் போனால் காது கேட்காமல் போகக்கூடும். தட்டில் பிள்ளை மிச்சம் வைத்ததைத் தாய் சாப்பிடுவது எந்த வீட்டிலும் நடப்பதுதானே.

போன வாரம் இதைச் சொன்னதும் ஒரு பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அப்போ என் பையனைத் தூக்கக்கூடாதா சிஸ்டர்?"

"நல்லா தூக்குங்கம்மா. ஸ்பூன் மட்டும் தனியா வச்சுக்கோங்க, டயப்பர் மாத்தினா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. முத்தத்தை நெத்தியில குடுங்க" என்றேன். மடியில் இருந்த பையனின் முடியை ஒதுக்கி அங்கேயே ஒன்று கொடுத்தார்.